வெள்ளைப் படிவு, உவர்ப்பு, கறை, நாற்றம்: அறிகுறியைப் பார்த்துத் தண்ணீர்க் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

குழாயில் வெள்ளை படிகிறது என்று ஆர்ஓ, அதாவது மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தி வடிகட்டும் குடிநீர்ச் சுத்திகரிப்பான், வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குடிநீர் உவர்க்கிறது என்று சாஃப்ட்னர் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பணம் செலவானதுதான் மிச்சம். குறை அப்படியே இருக்கும். சாஃப்ட்னர் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. குழாய், கீசர், துணி, தோல், முடி ஆகியவற்றைக் காப்பாற்ற வீட்டுக்குள் நுழையும் தண்ணீர் முழுவதையும் அது கையாளுகிறது. குடிநீர்ச் சுத்திகரிப்பான் வாய்க்குள் போகும் சில லிட்டர் தண்ணீரை மட்டுமே கவனிக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்ட முடியாது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் அறிகுறியை அடையாளம் காணுங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

முதலாவது சோப்புச் சோதனை. மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, அதில் சில துளி திரவ சோப்பு விட்டு நன்றாகக் குலுக்குங்கள். அது உண்மையான சோப்பாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவமும் சலவைத் திரவமும் கடின நீரிலும் (கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீர்) நுரைத்துவிடும் என்பதால் சோதனைக்கு உதவாது. அடர்த்தியான நுரை மேலே நின்று, அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தால் நீர் மென்மையானது. நுரை கொஞ்சமாக இருந்து, தண்ணீர் பால்போல் கலங்கி, திரித்திரியாக மிதந்தால் கடினம். அந்தத் திரிகள் கால்சியமும் சோப்பும் சேர்ந்து உருவான கரையாத பொருள். சோப்பு நுரையாக மாறுவதற்கு முன்பே அங்கே செலவாகிவிடுகிறது.

இரண்டாவது, படிவின்மேல் வினிகர் விட்டுப் பார்ப்பது. சிறு குமிழிகள் கிளம்பி, படிவு கரைந்தால் அது சுண்ணாம்புப் படிவு, அதாவது கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணீர் விட்டாலே கரைந்துவிட்டால் அது சோடியம் உப்பு. இரண்டுக்கும் அசையாமல் கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டிருந்தால் சிலிக்காவாக இருக்கலாம். அதைச் சாஃப்ட்னர் தடுக்காது. இந்தச் சோதனையைப் பளிங்குக் கல்லின்மேல் செய்யாதீர்கள், கல்லே அரித்துவிடும். ப்ளீச்சிங் திரவம் இருக்கும் இடத்திலும் வினிகரை ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும்.

மூன்றாவது, கையடக்க டிடிஎஸ் மீட்டர். இதன்மேல் பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. மின்சாரம் தண்ணீரில் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை அது ஊகித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த மொத்தத்தில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்பதும் தெரியாது. ஆர்செனிக் ஆபத்தான அளவில் இருந்தாலும் மீட்டரின் முள் அசையாது, ஏனென்றால் அந்த அளவு லிட்டருக்கு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. கடினத்தன்மையை அறிய அதற்கென்று உள்ள சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியோ ஆய்வகமோதான் வழி.

ஆய்வக அறிக்கை கையில் கிடைத்தால், கடினத்தன்மை கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்பட்டு லிட்டருக்கு மில்லிகிராமில் தரப்பட்டிருக்கும். 60 வரை மென்மை, 61 முதல் 120 வரை ஓரளவு கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பிரிவு. சில கருவிகளின் கையேட்டில் கிரெய்ன் என்ற அலகு வரும். ஒரு கேலனுக்கு ஒரு கிரெய்ன் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம்.

அறிகுறி: குழாய் முனையிலும் ஷவரிலும் வெள்ளைப் படிவு, கீசர் சூடேற நேரமெடுக்கிறது

வினிகரில் குமிழி வந்து கரைகிறதென்றால் இது கடினத்தன்மை. சாஃப்ட்னர் பொருத்துவதற்கு உரிய இடம் இதுதான். பெரும்பாலான பொருள்கள் வெந்நீரில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறானது, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறைகிறது. தண்ணீர் சூடாகும்போது பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற, கால்சியம் கார்பனேட் திடப்பொருளாகப் படிகிறது. குளிர்ந்த நீர்க் குழாயில் லேசான வெள்ளை தெரிகிறபோதே கீசரின் சூடேற்றும் கம்பிமேல் ஓடு கட்டியிருக்கும். அந்த ஓடு வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தவிடாது. மின்செலவு ஏறும், கம்பி அதிகமாகச் சூடாகி ஒருநாள் எரிந்தும் போகும்.

சமையலறையில் வைக்கும் ஆர்ஓ இதற்கு எந்த வகையிலும் உதவாது. அந்தத் தண்ணீர் கீசருக்குப் போவதே இல்லை.

குழாயின்மேல் மாட்டும் காந்தம், கம்பி சுற்றிய மின்னணுப் பெட்டி ஆகியவற்றை விற்பவர்கள் வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: பொருத்திய பிறகு கடினத்தன்மைச் சோதனையில் எண் குறையுமா? குறையாது. அவை கால்சியத்தை வெளியேற்றுவதில்லை, படியும் விதத்தை மாற்றுவதாகத்தான் சொல்லப்படுகிறது. அதற்கான சோதனை முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு பெரிய சாஃப்ட்னர் தேவை என்பதை விற்பனையாளரிடம் விட்டுவிடாமல் நீங்களே கணக்குப் போடலாம். வீட்டில் ஒரு நாளைக்கு 600 லிட்டர் செலவாகிறது, கடினத்தன்மை 300 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் நாளொன்றுக்கு 180 கிராம் கடினப்பொருளைக் கருவி பிடிக்க வேண்டும். கருவிக்குள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கும் சிறு மணிகள்தான் ரெசின். ஒரு லிட்டர் ரெசின், அதைப் புதுப்பிக்கச் செலவிடும் உப்பின் அளவைப் பொறுத்து, சுமார் 45 முதல் 65 கிராம் வரை பிடிக்கும். 50 என்று கொண்டால் 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் தாங்கும். ஏறத்தாழ ஏழு நாளைக்கு ஒருமுறை உப்புநீரால் கழுவிப் புதுப்பித்தால் போதும். உங்கள் எண்களைப் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று விடை வந்தால் கருவி சிறியது.

அறிகுறி: சோப்பு நுரைக்கவில்லை, துணி விறைக்கிறது, குளித்தபின் தோல் வறள்கிறது

சோப்புச் சோதனையில் திரி மிதந்தால் முந்தைய அறிகுறியின் தீர்வே இதற்கும். ஆனால் தோல் வறட்சிக்கும் முடி உதிர்வுக்கும் தண்ணீரை மட்டும் காரணமாக்கிவிட வேண்டாம். சாஃப்ட்னர் வைத்தும் தோலில் அரிப்பு தொடர்ந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மென்னீரில் குளிக்கும்போது சோப்பு கழுவப்படாமல் வழவழவென்று இருப்பதாகத் தோன்றும். கருவியில் கோளாறு இல்லை. கரையாத சோப்புத் திரி தோலில் ஒட்டாததால் வரும் உணர்வு அது. சோப்பின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தண்ணீர் உவர்க்கிறது

சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். அது ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பைத் தருகிறது. டிடிஎஸ் எண் இறங்காது. ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேர்கிறது. கடினத்தன்மை 450 இருந்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் கூடும், அந்த அளவில் நாக்குக்கே தெரியத் தொடங்கும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், பால்மாவு கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டாரும் மென்னீரைக் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உப்பைப் போடலாம் என்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் ஆபத்து, மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

உவர்ப்பைக் குறைக்க ஆர்ஓதான் வழி. அதன் மெம்பிரேன் கரைந்த உப்புகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் தடுத்து, கழிவுநீரோடு அனுப்பிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் டிடிஎஸ் 600க்குள் இருந்தால் சுவை நன்றாக இருக்கும். 1,000ஐத் தாண்டினால் குடிக்கவே பிடிக்காமல் போகும். எனவே எண் 300 இருக்கும் வீட்டில், வேறு மாசு எதுவும் அறிக்கையில் இல்லாதபோது, ஆர்ஓ வைப்பது தண்ணீரை வீணாக்குவதுதான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் கருவிகள் சாதாரணம்.

அறிகுறி: பழுப்புக் கறை, கறுப்புக் கறை

குழாயிலிருந்து பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர், ஒரு வெள்ளை வாளியில் சில மணி நேரம் கழித்து மஞ்சளாகி, அடியில் துருநிறத் தூள் படிந்தால் அது கரைந்த இரும்பு. காற்று பட்டதும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து துருவாக மாறுகிறது. பிடிக்கும்போதே பழுப்பாக இருந்தால் ஏற்கெனவே துருவாகிவிட்ட இரும்பு, அல்லது பழைய இரும்புக் குழாயின் வேலை. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை விழும். கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் மாங்கனீஸ்.

இந்தத் தண்ணீரை நேரடியாகச் சாஃப்ட்னருக்குள் விடாதீர்கள். கொஞ்சம் கரைந்த இரும்பை ரெசின் தாங்கிக்கொள்ளும். துருத்தூள் ரெசின் மணிகள்மேல் பூசிக்கொண்டால் உப்புநீர் எத்தனை முறை ஓடினாலும் விடாது. ஆர்ஓ மெம்பிரேனுக்கும் இதே கதிதான். முதலில் இரும்பு அகற்றும் ஃபில்டர், அதற்குப் பிறகுதான் மற்றவை. கழிப்பறைத் தொட்டியின் உட்சுவரில் ஆரஞ்சு நிறக் கொழகொழப்பு இருந்தால் இரும்புப் பாக்டீரியா குடியேறிவிட்டது. கிணற்றையும் தொட்டியையும் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யாமல் எந்த ஃபில்டரும் நிலைக்காது.

அறிகுறி: நாற்றம்

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. குளிர்ந்த நீர், வெந்நீர் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து முகர்ந்து பாருங்கள். வெந்நீரில் மட்டும் நாறினால் கோளாறு கீசருக்குள்: தொட்டி துருப்பிடிக்காமலிருக்க வைக்கப்படும் மக்னீசியக் கம்பியும் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து இந்த வாயுவை உண்டாக்குகின்றன. கம்பியை மாற்றி, கீசரைக் கழுவினால் போதும்; புதுக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டிலும் நாறினால் மூலத்திலேயே இருக்கிறது. குளோரின் நெடிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர் ஒன்றே போதும். சாக்கடை நாற்றம் என்றால் குடிப்பதை உடனே நிறுத்திவிட்டு, கழிவுநீர் கலக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: தண்ணீர் வெண்மையாகக் கலங்கியிருக்கிறது

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து மேசைமேல் வையுங்கள். கலங்கல் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்றுக் குமிழி, விட்டுவிடுங்கள். மேலிருந்து தெளிந்து, அடியில் தூள் தங்கினால் மண் அல்லது வண்டல், அதற்கு வண்டல் ஃபில்டர். வண்டலை எடுக்காமல், கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கை மட்டும் நம்பக் கூடாது, துகள்களின் நிழலில் கிருமி ஒளிந்து தப்பித்துவிடும்.

அறிகுறி: ஒன்றுமே இல்லை

எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த நிலைதான். படிவும் கறையும் நாற்றமும் தொந்தரவு தருகின்றன. ஆளைக் கொல்பவை கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிவதில்லை. கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. ஆனால் ஆர்செனிக்குக்கும் ஈயத்துக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடுக்கு 1.5, நைட்ரேட்டுக்கு 50 என்று வரம்புகள் உள்ளன. இவற்றில் எதற்கும் நிறம் கிடையாது. ஃபுளோரைடு பல ஆண்டுகள் கழித்துப் பல்லிலும் எலும்பிலும் தெரியும். நைட்ரேட் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்து, உடலை நீலமாக்கும்.

ஆகவே கிணற்று நீர் குடிக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறையாவது கோலிஃபார்ம் பாக்டீரியா (கழிவு கலந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம்), நைட்ரேட் ஆகிய இரண்டுக்கும் ஆய்வகச் சோதனை செய்துவிடுங்கள். வெள்ளம் வந்துபோன பிறகு தவறாமல் செய்யுங்கள். ஆர்செனிக், ஃபுளோரைடு இரண்டையும் ஒருமுறையாவது பார்த்துவைப்பது நல்லது.

கிருமி மட்டும்தான் சிக்கல் என்றால் புற ஊதா விளக்கோ, மிக நுண்ணிய துளைகளால் கிருமியை வடிகட்டும் யுஎஃப் ஃபில்டரோ போதும். விளக்குக்கு மின்சாரம் வேண்டும். யுஎஃப்புக்கு வேண்டியதில்லை, ஆனால் மிகச்சிறிய வைரஸ்கள் சில அதில் நழுவிவிடலாம். கரைந்த எதையும் இரண்டும் தொடாது. அவசரத்துக்குக் கொதிக்க வைப்பதும் சரிதான்: தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் மூன்று நிமிடம். ஆனால் நைட்ரேட், ஆர்செனிக், ஃபுளோரைடு இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி, நஞ்சின் செறிவுதான் கூடும். அவற்றுக்கு ஆர்ஓ தேவை. ஆர்செனிக்கில் ஒரு வகை ஆர்ஓவிலும் முழுமையாகச் சிக்காது. முன்கூட்டியே ஆக்ஸிஜனேற்றம் செய்தால்தான் பிடிபடும். அதனால் கருவி வைத்த பிறகு வெளிவரும் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

சில ஆர்ஓ கருவிகளில் டிடிஎஸ் சரிசெய்யும் திருகு ஒன்று இருக்கும். மெம்பிரேனுக்குள் போகாத பச்சைத் தண்ணீரைச் சிறிது கலந்து, சுவைக்காக எண்ணை உயர்த்தும் ஏற்பாடு அது. ஆர்செனிக்குக்காகவோ நைட்ரேட்டுக்காகவோ ஆர்ஓ வாங்கியிருந்தால் அந்தத் திருகை முழுவதும் மூடச் சொல்லுங்கள். வடிகட்டி வெளியேற்றிய நஞ்சைத் திரும்ப ஊற்றிக் குடிக்க எந்த நியாயமும் இல்லை. சுவை வேண்டுமென்றால் கனிமம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் தனியாக உண்டு.

சாஃப்ட்னர் இருக்கிறது, ஆனாலும் வெள்ளை படிகிறது

தண்ணீரைக் கருவிக்குள் விடாமல் நேரே அனுப்பும் பைபாஸ் வால்வு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழுது பார்க்க வந்தவர் திருப்பிவிட்டுப் போயிருக்கலாம். மின்சாரம் போய்வந்ததில் டைமர் நேரம் பிசகியிருக்கிறதா என்பது அடுத்தது. பிறகு உப்புத் தொட்டி. உப்பு நிறைய இருக்கிறது, மாதக்கணக்கில் குறையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம். கருவி உப்புநீரை உறிஞ்சவில்லை என்று பொருள். நீளமான துடைப்பக் கட்டையால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். மேலே கெட்டியான பாளமும் கீழே வெற்றிடமும் இருந்தால் உப்பு பாலம் கட்டியிருக்கிறது, உடைத்துவிட்டால் சரியாகும். பாளம் இல்லையென்றால் உப்புநீரை உறிஞ்சும் இன்ஜெக்டரின் சிறு துளை அடைத்திருக்கும். கழற்றிக் கழுவ வேண்டும்.

புதுப்பித்த மறுநாள் மட்டும் தண்ணீர் உப்புக் கரித்தால், கழுவும் நேரம் போதவில்லை அல்லது வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. குழாயில் மஞ்சள் நிறச் சிறு மணிகள் வந்தால் ரெசின் வெளியேறுகிறது. உள்ளே அடிப்பகுதிச் சல்லடை உடைந்துவிட்டது. பைபாஸில் போட்டுவிட்டுப் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

ஆர்ஓ இருக்கிறது, ஆனாலும் திருப்தியில்லை

டிடிஎஸ் ஏறிவிட்டது என்று மெம்பிரேனை மாற்றுவதற்கு முன் அளக்கும் முறையைச் சரிபாருங்கள். கருவி சில மணி நேரம் சும்மா இருந்தால் மெம்பிரேனின் இருபுறமும் உப்பு சமமாகப் பரவத் தொடங்கும். ஓடத் தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரில் எண் எப்போதும் அதிகமாகவே காட்டும். சேமிப்புத் தொட்டியிலிருந்து பிடிக்காமல், சில நிமிடம் ஓடிய பிறகு மெம்பிரேனிலிருந்து வருவதைப் பிடித்து அளந்து, உள்ளே போகும் தண்ணீரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். 800 உள்ளே போய் 60 வெளியே வந்தால் மெம்பிரேன் நன்றாக இருக்கிறது. 200 வந்தால் அதன் காலம் முடிந்தது.

தண்ணீர் மிக மெதுவாக வந்தால் முன் ஃபில்டர் அடைப்பு, குறைந்த அழுத்தம், குளிர்ந்த தண்ணீர், மெம்பிரேனில் சுண்ணாம்பு என்ற வரிசையில் பாருங்கள். தொட்டி நிரம்பிய பிறகும் கழிவுநீர் நிற்காமல் ஓடினால் நிறுத்து வால்வு பழுது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். புற ஊதா விளக்கு எரிகிறது என்பதற்காக அது கிருமியைக் கொல்கிறது என்று நினைக்க வேண்டாம். சுமார் 9,000 மணி நேரம், அதாவது ஓராண்டு தொடர்ந்து எரிந்த பிறகு ஒளி தெரிந்தாலும் வீரியம் போதாது.

இரண்டும் வேண்டுமென்றால் வரிசை

கடினத்தன்மையும் உவர்ப்பும் சேர்ந்தே இருக்கும் வீடுகளில் இரண்டும் தேவைப்படும். வண்டல் ஃபில்டர், இரும்பு இருந்தால் அதற்கான ஃபில்டர், பிறகு சாஃப்ட்னர், கடைசியாகச் சமையலறையில் ஆர்ஓ. சாஃப்ட்னர் முன்னால் இருந்தால் ஆர்ஓ மெம்பிரேனில் சுண்ணாம்பு படியாது, அதன் ஆயுள் கூடும். சாஃப்ட்னர் சேர்த்த சோடியத்தையும் ஆர்ஓ எடுத்துவிடும். ஆர்ஓவுக்குள் கார்பன் ஃபில்டர் மெம்பிரேனுக்கு முன்னால் இருக்க வேண்டும், ஏனெனில் குளோரின் மெம்பிரேனை அரிக்கும். ஆர்ஓவுக்குப் பிறகு வரும் குழாய் உலோகத்தில் வேண்டாம், கனிமம் குறைந்த நீர் செம்பையும் பித்தளையையும் அரிக்கக்கூடியது. செடிகளுக்குப் போகும் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடச் சொல்லுங்கள். சோடியம் சேர்ந்த நீர் நாளடைவில் மண்ணை இறுகச் செய்துவிடும்.